புயல் மாதத்தில் ஊருக்குப் போவது

1

இந்த வருட விடுமுறைக்கு எங்கே போவது என்பதை முடிவு செய்தது என் மகள் தர்ஷினி. மூன்றாம் படிவம் படிக்கிறாள், நம் ஊர்க் கணக்கில் ஒன்பதாம் வகுப்பு. மடிக்கணினியைச் சாப்பாட்டு மேசையில் திறந்து வைத்து, வகுப்பில் ஆசிரியருக்குக் காட்டுவதுபோல ஒவ்வொரு படமாகத் தள்ளிக் காட்டினாள். முதல் படத்தில் கடல். அடுத்ததில் பூநாரைகள், கூட்டம் கூட்டமாக, ஆழமில்லாத தண்ணீரில். அதற்கடுத்து ஒரு வரைபடம். அதில் சிவப்புப் புள்ளி வைத்திருந்த இடம் கோடியக்கரை. புள்ளிக்குச் சற்று மேலே விரலை நகர்த்தினால் என் ஊர்.

“ம்மா, டிசம்பர்லதான் பேர்ட்ஸ் நெறைய வருதாம். நம்ம ஸ்கூல் லீவும் அப்பதான். ரூமெல்லாம் மூராலா, அந்த டைம்ல யாருமே போறதில்லையாம்.”

மூரா என்றால் மலாயில் மலிவு; ‘லா’ இங்கே எல்லாப் பேச்சிலும் ஒட்டிக்கொள்கிற வால். யாருமே ஏன் போவதில்லை என்று அவள் யோசிக்கவில்லை. மலிவாகக் கிடைக்கிற அறைக்கு என்ன குறை என்று கேட்கிற வயது அவளுக்கு இன்னும் வரவில்லை.

“நல்லாத்தான் இருக்குலா. எத்தனை நாளைக்குத்தான் போர்டிக்சன் பீச்சையே பாத்துக்கிட்டு இருக்கறது,” என்றார் என் கணவர் சேகர். சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்தார். பிறகு ஏதோ மறந்தவர்போலச் சமையலறைக்குப் போய்விட்டார்.

நம் கரையில் பிறந்த உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. ஐப்பசி பாதியில் தொடங்கி மார்கழி வரைக்கும் நம் வீடுகளில் வானொலியை அணைக்க மாட்டோம். நாகப்பட்டினத்தில் எத்தனையாம் எண் கூண்டு ஏற்றியிருக்கிறார்கள் என்று தெரிந்துகொண்டுதான் உலை வைப்போம். இதைத் தர்ஷினியிடம் சொன்னபோது அவள் கேட்டாள், “கூண்டா? யாரை உள்ள போடுவாங்க?” எனக்குச் சிரிப்பும் வந்தது, எரிச்சலும் வந்தது. துறைமுகத்தில் எச்சரிக்கைக்காக ஏற்றுகிற அடையாளம் என்று சொன்னேன். “ஓ, சைரன் மாதிரி,” என்று சொல்லிவிட்டு அடுத்த படத்துக்குப் போய்விட்டாள்.

2

மலேசியாவில் நாங்கள் இருக்கும் நெகிரி செம்பிலானில் புயல் கிடையாது. கல்யாணமாகி வந்த புதிதில் இதை நம்ப எனக்கு வெகுநாள் பிடித்தது. இங்கே மழை தினமும் பிற்பகலில் அலுவலகத்துக்கு வருவதுபோல வந்து, இடித்து, கொட்டிவிட்டுப் போய்விடும். எப்போதாவது விடியற்காலையில் சுமத்ரா பக்கமிருந்து ஒரு காற்று வரும். இரண்டு தகரம் பறக்கும், ஒரு மரக்கிளை சடக்கில் விழும். (சடக்கு என்றால் இங்கே சாலை.) அதையே மறுநாள் கடையில் நின்று ஒரு வாரத்துக்குப் பேசுவார்கள்.

புக்கிட் பெலண்டோக் பக்கம், எண்ணெய் எடுக்கிற செம்பனைத் தோட்டம் ஒன்றை ஒட்டிய குடியிருப்பில் எங்கள் வீடு. சேகரின் அம்மாவும் அப்பாவும் அதே தோட்டத்தில் ரப்பர் மரம் சீவியவர்கள். இப்போது ரப்பரும் இல்லை, அவர்களும் இல்லை. செம்பனைக் குலை வெட்டுவது வங்காளதேசத்துப் பிள்ளைகள். தோட்டத்துத் தமிழர்களெல்லாம் லாரி ஓட்டவும், சிரம்பானில் கடை வைக்கவும், செண்டாயானில் தொழிற்சாலை வேலைக்கும் போய்விட்டார்கள். சேகரும் அப்படித்தான், இயந்திரம் பழுது பார்க்கிறார், ஷிப்ட் வேலை. நான் லுக்குட்டில் ஒரு பல் மருத்துவரின் கிளினிக்கில் முன்மேசையில் உட்கார்ந்து, பயந்து போய் வருகிறவர்களுக்கு எண் கொடுக்கிறேன்.

வந்த புதிதில் மொழிதான் பெரிய வேடிக்கை. இருவரும் பேசுவது தமிழ்தான், ஆனால் இரண்டு தமிழ். பக்கத்து வீட்டு அக்கா காலையில் வேலிக்கு அந்தப் பக்கமிருந்து “பசியாறிட்டியா?” என்று கேட்பார். எனக்கு முகம் சுண்டிப்போகும். நான் பசித்துக் கிடப்பவள் என்று யார் இவருக்குச் சொன்னது? அது வெறும் ‘டிபன் சாப்பிட்டாயா’ என்று புரிய ஒரு மாதம் ஆயிற்று.

சேகர் முதன்முதலாக என் ஊருக்கு வந்தபோது நடந்தது இதைவிட மோசம். அப்பா கூடத்தில் உட்கார்ந்திருக்கிறார். மாமனாருக்குத் தன் கையால் ஏதாவது செய்துகொடுக்கவேண்டும் என்று இவருக்கு ஆசை. “மாமா, தண்ணி கலக்கட்டுமா?” என்றார். இங்கே அதற்குக் காப்பியோ மைலோவோ போடுவது என்று பொருள். அப்பா திகைத்து, வாசலில் யாராவது கேட்டுவிட்டார்களா என்று பார்த்து, குரலைத் தாழ்த்தி, “இல்லீங்க மாப்ளே, அதையெல்லாம் விட்டு ரொம்ப நாளாச்சு,” என்றார். அன்றுதான் அப்பா ஒரு காலத்தில் குடித்தார் என்பதே எனக்குத் தெரிந்தது. இந்தக் கதையை நான் எத்தனையோ பேரிடம் சொல்லிச் சிரித்திருக்கிறேன். சில வருடங்களாகச் சொல்வதில்லை.

வருடம் ஒருமுறை குடிநுழைவு அலுவலகத்துக்குப் போய் விசாவைப் புதுப்பிக்க வேண்டும். கணவரும் கூட வந்து பக்கத்தில் நிற்க வேண்டும். முகப்பில் இருக்கும் பெண் என்னைப் பார்ப்பாள், அவரைப் பார்ப்பாள், இவள் இன்னும் இவரோடுதான் இருக்கிறாளா என்று பார்ப்பதுபோல எனக்குத் தோன்றும். இருக்கிறேன் என்று கையெழுத்துப் போடுவேன். சில வருடங்களில் அந்தக் கையெழுத்தைப் போடாமல் படிவத்தை முதலிலிருந்து மறுபடியும் படித்திருக்கிறேன். காரணம் அந்தப் பெண்ணுக்கும் தெரியாது, பக்கத்தில் நின்றவருக்கும் தெரியாது.

3

தர்ஷினி அப்போது முதலாம் ஆண்டு. அம்மா போய்ச் சில வருடங்கள் ஆகியிருந்தன. அப்பா ஊர் வீட்டில் தனியாக இருந்தார். துணைக்கு ஒரு பசு, தொழுவத்தைச் சுற்றித் தென்னைகள், சுவருக்கு அந்தப் பக்கம் அத்தை வீடு. தம்பி திருப்பூரில் வேலையில் இருந்தான். கார்த்திகையில் புயல் கிளம்பி நேராக நம் கரையை நோக்கி வந்தது.

காலையில் கிளினிக்குக்குக் கிளம்பும்போது அப்பாவிடம் பேசினேன். “ரெண்டு ஓடு போயிருக்கு. மத்தபடி ஒண்ணுமில்ல. நீ வேலையப் பாரு,” என்றார். பின்னால் காற்றின் சத்தம் கேட்டது. அதற்குப் பிறகு எனக்கு லைன் கிடைக்கவில்லை. கிளினிக்கில் போனைக் கையில் வைத்துக்கொண்டிருக்கக் கூடாது. இரவு ஷிப்ட் முடிந்து வீட்டில் இருந்த சேகரிடம், தமிழ்நாட்டுச் செய்தி சேனலைப் போட்டு வையுங்கள், லைன் கிடைத்தால் அப்பாவிடம் பேசுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனேன்.

மாலை நான் திரும்பியபோது அவர் கேட் பக்கத்திலேயே நின்றிருந்தார். முகம் மலர்ந்திருந்தது. “வாசுகி, மாமாகிட்ட பேசிட்டேன். கடந்துருச்சாம்லா. இனிமே பயமில்லைன்னு சொல்லிட்டேன்.”

கேட்டிலிருந்து கூடத்துக்கு நடக்கிற தூரம் வரைக்கும் நான் சந்தோஷமாக இருந்தேன். தொலைக்காட்சி ஓடிக்கொண்டிருந்தது. திரையின் அடியில் எழுத்து நகர்ந்தது: புயல் கரையைக் கடக்கத் தொடங்கியது. அது போய் மறுபடியும் வரும்வரை நின்று, மறுபடியும் படித்தேன்.

என் கணவர் ஒரு வார்த்தையை விழுங்கிவிட்டார். தொடங்கியது என்ற வார்த்தையை. அவர் மேல் என்ன குற்றம்? புயலே பார்க்காத ஊரில் பிறந்தவர். இங்கே ‘பஸ் நம்ம தாமானைக் கடந்துருச்சு’ என்றால் பஸ் குடியிருப்பைத் தாண்டிப் போய்விட்டது, இனி ஓடிப் பயனில்லை என்று பொருள். கடப்பது என்றால் அவருக்கு விலகிப் போவது. வாசல்படி தாண்டி வீட்டுக்குள் நுழைகிறவனை, கடந்து போகிறான் என்று யாராவது சொல்வார்களா? நம் செய்திகள் மட்டும்தான் புயலுக்கு அப்படிச் சொல்கின்றன. நாம் பழகிவிட்டோம். கரையைக் கடக்கிறது என்று கேட்டால் கதவைத் தாழிட நமக்குத் தெரியும்.

நடுவில் காற்று நிற்கும் என்பதும் நமக்குத் தெரியும். புயலின் மையம் தலைக்கு மேல் வரும்போது எல்லாம் ஓய்ந்துவிடும், வெளிச்சம்கூட வரும், கோழிகள் முற்றத்தில் இறங்கும். அதுவரை வடக்கேயிருந்து அடித்தது பிறகு தெற்கேயிருந்து திருப்பி அடிக்கும். முதல் காற்று வேரை அசைத்து வைத்த மரங்களை இரண்டாவது காற்று சாய்க்கும். இது நம் ஊர்ப் பிள்ளைகளுக்கே தெரிந்த விஷயம். பிறந்ததிலிருந்து அந்தக் கரையிலேயே இருந்த அப்பாவுக்குத் தெரியாதா?

நான் போன் போட்டுக்கொண்டே இருந்தேன். மறுநாள் அத்தையின் மகன்தான் பேசினான். காற்று நின்ற நேரத்தில் அப்பா தொழுவத்துக்குப் போயிருக்கிறார். மாட்டை அவிழ்த்துவிட்டிருக்கிறார். தெற்குக் காற்று வந்தபோது தொழுவத்தை ஒட்டிய தென்னை விழுந்தது. மாடு பிழைத்துக்கொண்டது.

என் பாஸ்போர்ட் அப்போது புதுப்பிப்பதற்காகத் தூதரகத்தில் இருந்தது. இங்கே அதற்குக் கடப்பிதழ் என்று பெயர். அது கைக்கு வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. தம்பி கொள்ளி வைத்ததை நான் போனில் பார்த்தேன், அதுவும் நடுவில் இரண்டு முறை உறைந்து நின்றது.

4

துக்கம் கேட்கப் பழைய தோட்டத்து ஆட்கள் வந்தார்கள். சேகர் வேலை செய்யும் இடத்திலிருந்தும் வந்தார்கள். வந்தவர்களிடமெல்லாம் சேகர் ஒன்றையே சொன்னார்: “நான் பேசுறப்ப நல்லாத்தான் இருந்தாரு. புயல் போனப்புறம்தான் மரம் விழுந்திருக்கு. என்னா செய்யறது, விதிலா.” எனக்கு ஆறுதலாக இருக்கும் என்று நினைத்துத்தான் சொன்னார். நான் பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு முறையும் கேட்டேன்.

புயல் கடப்பது என்றால் உள்ளே வருவது என்று அவரிடம் நான் சொல்லவில்லை. முதலில் சொல்ல மனசு வரவில்லை, பிறகு சொல்ல நேரம் கடந்துவிட்டது. நல்ல மனிதர். இந்த ஊரில் மகளைத் தவிர எனக்கு இருக்கும் ஒரே சொந்தம். வாசலில் ஒரு தென்னை இருந்தது, அதை வெட்டிவிடுங்கள் என்று அந்த வாரமே சொன்னேன். ஏன் என்று கேட்காமல், எங்கிருந்தோ ரம்பம் வாங்கிவந்து அறுத்தார். ஆனால் சில நாட்களில், அவர் சாதாரணமாக உட்கார்ந்து டீ குடிப்பதைப் பார்த்தாலே எனக்கு உடம்பெல்லாம் எரியும். ஒரு முறை வேறு எதற்கோ சண்டை போட்டபோது அந்த வார்த்தை என் வாய்வரைக்கும் வந்தது. குழாயைத் திறந்து முகம் கழுவிக்கொண்டேன்.

சொல்லாததால் இன்னொன்றைக் கேட்கவும் முடியாமல் போயிற்று. அப்பாவோடு கடைசியாகப் பேசியவர் அவர்தான். அப்பா என்ன சொன்னார் என்று நான் கேட்டதே இல்லை. கேட்டால் நீங்கள் என்ன சொன்னீர்கள் என்பதும் கூடவே வரும். ஆகவே என் அப்பாவின் கடைசிப் பேச்சு என் வீட்டிலேயே, என் பக்கத்திலேயே படுத்துத் தூங்கிக்கொண்டு, எனக்கு இல்லாமல் இருந்தது. அந்த ஓய்ந்த நேரத்தில், எல்லாம் தெரிந்த மனிதர் ஏன் வெளியே போனார்? பசுவுக்காகவா, வேறு எதற்காகவாவதா? இந்தக் கேள்வியோடுதான் நான் இத்தனை வருடங்கள் குடித்தனம் நடத்தினேன்.

அப்பாவின் போன் எண்ணை நான் அழிக்கவில்லை. ஒருநாள் கைபோன போக்கில் அழுத்திவிட்டேன். மணி அடித்தது. ஒரு பெண் எடுத்து, “உரக்கடைங்க, சொல்லுங்க,” என்றாள். கொஞ்ச நேரம் அவள் பேசுவதைக் கேட்டுக்கொண்டிருந்தேன். பின்னால் மாடு ஒன்று கத்தியது. அது எங்கள் மாடுதான் என்று ஒரு கணம் நம்பினேன்.

காற்று அடிக்கும்போது எனக்குப் பயமில்லை. நிற்கும்போதுதான். பிற்பகல் மழை சட்டென்று விட்டு, செம்பனை ஓலைகள் அசையாமல் நிற்கும்போது, நான் செய்துகொண்டிருக்கும் வேலை அப்படியே நின்றுவிடும். தெற்குப் பக்கம் திரும்பி நிற்பேன். இங்கே இரண்டாவது காற்று வராது என்று புத்திக்குத் தெரியும். ஆனாலும் யாரோ தொழுவத்துப் படலைத் திறக்கும் சத்தத்துக்காகக் காது காத்திருக்கும். கிளினிக்கில்கூட இது நடந்திருக்கிறது. பல்வலியோடு எதிரே நிற்பவர் இரண்டு தடவை கூப்பிட்ட பிறகுதான் நிமிர்வேன்.

போர்டிக்சன் கடற்கரைக்குப் போனால் நான் கடலுக்கு முதுகைக் காட்டித்தான் உட்காருவேன். அம்மாவுக்கு வெயில் ஆகாது என்று தர்ஷினி தன் தோழிகளிடம் சொல்வாள்.

5

தர்ஷினி விடுமுறைத் திட்டம் போட்டதற்கு அடுத்த ஞாயிறு காலை. சேகர் சம்பலுக்காகக் காய்ந்த நெத்திலியின் தலைகளைக் கிள்ளிக்கொண்டிருந்தார். நான் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். தர்ஷினி எதிரே உட்கார்ந்து தமிழ்நாட்டு வானிலைச் செய்தியை எழுத்துக்கூட்டிப் படித்தாள். ஆறாம் ஆண்டுவரை தமிழ்ப்பள்ளி, அதன் பிறகு எல்லாம் மலாய். அவள் தமிழ் நாளுக்கு நாள் மெலிந்துகொண்டு வருகிறது. ஆனால் பயணத்துக்காக விழுந்து விழுந்து படித்தாள்.

“‘புயல் கரையைக் கடக்கத் தொடங்கியது’. இது போன வருஷத்து நியூஸ். ப்பா, கடக்கன்னா? போயிருச்சுன்னு அர்த்தமா?”

“ஆமாலா. கடந்து போயிரும். அதுக்கப்புறம் பயமில்லை,” என்றார் சேகர், தலை நிமிராமல்.

அவள் தட்டிப் பார்த்தாள். “இல்லப்பா. லேண்ட்ஃபால்னு வருது. கடல்லேருந்து ஊருக்குள்ள ஏறுறது. தொடங்கியதுன்னா ஸ்டார்ட்டிங்தான், முடியலை. பாதியில காத்து நிக்குமாம், அப்புறம் ஆப்போசிட் சைட்லேருந்து வருமாம். அப்ப யாரும் வெளிய போகக்கூடாதுன்னு போட்டிருக்கு. நீங்க தப்பா சொல்றீங்கலா.”

நெத்திலி கிள்ளும் சத்தம் நின்றது. நான் என்னை அறியாமல் தெற்குப் பக்கம் திரும்பினேன்.

“வாசுகி,” என்றார். “அது அப்படியா?”

இந்தக் கேள்விக்காக நான் எத்தனையோ பதில்களைத் தயார் செய்து வைத்திருந்தேன். இரண்டு பொருளும் உண்டு என்று சொல்லலாம். பத்திரிகைத் தமிழ் அப்படித்தான் என்று சிரித்துவிடலாம். அவர் கண்களைப் பார்த்தேன்.

“ஆமாங்க. உள்ள வருதுன்னு அர்த்தம்.”

தர்ஷினி எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு கணினியைத் தூக்கிக்கொண்டு தன் அறைக்குப் போனாள். கதவைச் சாத்தவில்லை.

“உனக்கு எப்பத் தெரியும்?”

“அன்னைக்கே. வேலை முடிஞ்சு வந்து டிவியைப் பாத்தப்பவே.”

“அப்புறமும் எப்படி என்கூட இருந்த?”

“சில நாள் இருக்க முடியலை,” என்றேன். “சில நாள் இருந்தேன்.”

அவர் ஒரு நெத்திலியை எடுத்தார், கிள்ளாமல் திரும்ப வைத்தார். அழுவார் என்று நினைத்தேன். அழவில்லை. வயதானவர்போலத் தோன்றினார். அப்போதுதான் கேட்டேன். இத்தனை வருடம் கேட்காததை.

“அப்பா என்ன சொன்னாங்க? அன்னைக்கு போன்ல.”

அவர் உடனே சொல்லத் தொடங்கினார். தேடி எடுக்க வேண்டியிருக்கவில்லை. அவரும் அதைத் தினமும் எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார் என்று அப்போது புரிந்தது.

“கடந்துருச்சாம் மாமா, இனிமே பயமில்லைன்னு நான் சொன்னேன். அவரு, ‘அப்படியா மாப்ளே? இங்க வடக்கத்திக் காத்துதான் அடிச்சிருக்கு, தெக்கத்தி இன்னும் வரக்காணமே’ன்னாரு. எனக்கு அது என்னான்னு வெளங்கலை. ‘இல்ல மாமா, டிவியிலயே போட்டுட்டான்’னேன். ஒடனே சிரிச்சாரு. ‘சரிங்க மாப்ளே, நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்’னாரு. ‘அப்ப போயி மாட்டைப் பாத்துட்டு வந்துர்றேன்’னு வெச்சிட்டாரு.”

அப்பாவுக்குத் தெரிந்திருக்கிறது. காற்று திரும்பும் என்று அவர் வாயாலேயே சொல்லியிருக்கிறார். பஞ்சாயத்துத் தலைவரிடமும் படகுக்காரரிடமும், நீ சொல்வது தப்பு என்று முகத்துக்கு நேராகச் சொல்கிற மனிதர். என் அம்மா ஒரு சொல் சொன்னால் ஒன்பது சொல்லுவார். ஆனால் மாப்பிள்ளையிடம் அவர் ஒருநாளும் மறுத்துப் பேசியதில்லை. பெண் கொடுத்தவர்கள் பேசக்கூடாது என்பது நம் பக்கத்து மரியாதை. கடல் தாண்டிப் பெண் வாழ்கிற வீட்டு மாப்பிள்ளை என்றால் கேட்கவே வேண்டாம். அந்த மரியாதையைக் காப்பாற்றிவிட்டு எழுந்து தொழுவத்துக்குப் போயிருக்கிறார்.

எனக்கு அவர் மேல் கோபம் வந்தது. செத்துப்போன அப்பா மேல், முதன்முறையாக. அதே மரியாதையைத்தானே நானும் இத்தனை வருடம் செய்துகொண்டிருந்தேன் என்று தோன்றியபோது வெங்காயத்தைக் கீழே வைத்துவிட்டு அழுதேன். சேகர் எழுந்து வந்து பக்கத்தில் நின்றார். தொடவில்லை, தொடலாமா என்று தெரியாமல் நின்றார். அவர் கையெல்லாம் கருவாட்டு வாசம்.

“ம்மா,” என்று அறைக்குள்ளிருந்து தர்ஷினி கூப்பிட்டாள். குரல் இறங்கியிருந்தது. “டிக்கெட் புக் பண்ணவா, வேணாமா?”

“போடு ஐயா,” என்றார் சேகர். மகளை அப்படித்தான் கூப்பிடுவார். “ரெண்டு போடு. அம்மாவும் நீயும் போயிட்டு வாங்க.”

“மூணு,” என்றேன்.

“வேணாம் வாசுகி. அந்த வீட்டு வாசல்ல நான் எந்த மூஞ்சிய வெச்சிக்கிட்டு நிப்பேன்? நான் வராம இருக்கறதுதான் சரி.”

முகத்தைத் துடைத்துக்கொண்டேன்.

“நீங்க சொன்னா சரின்னு போறதுக்கு நான் எங்க அப்பா இல்லீங்க,” என்றேன். “மூணு போடு, தர்ஷினி.”